முப்பத்தேழு இடது வளைவுகள்

உங்கள் அறை ஜன்னலை யாரோ பழைய செய்தித்தாளால் துடைத்திருக்கிறார்கள். ஓரங்களில் மை தெரிகிறது. துணியைவிட அது நல்ல முறைதான். தாளை லேசாக நனைத்து, மேலிருந்து கீழாக மட்டும் இழுக்க வேண்டும். எஞ்சினில் ஏறியதும் என் பக்கத்துக் கண்ணாடியை நான் அப்படித்தான் துடைப்பேன். ஆறு வருட வேலையில் துடைக்காமல் கிளம்பிய நாள் கிடையாது. இருந்தது என்று யாராவது சொன்னால், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உங்கள் மேசையில் இருக்கும் விபத்து விசாரணை அறிக்கை. அதன் நான்காம் பக்கத்தில், 1974 மே 16, வியாழக்கிழமை, காலை பத்து இருபதுக்கு, அறுபத்தோராம் மைல் வளைவில், "இடதுபக்க உதவியாளர் கேத்தான் ப்ளூர்ட் கவனக்குறைவினால் தண்டவாளத்தில் நின்ற டிராலியைப் பார்க்கத் தவறினார்" என்று எழுதியிருக்கிறது. பெயர் சரி. நேரமும் இடமும் சரி. மீதி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். என்னை யாரும் அழைத்துவரவில்லை, நானாகத்தான் பேருந்து ஏறி வந்தேன்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

லாக் ப்ரோஷே காகித ஆலையிலிருந்து துறைமுகம் வரை எங்கள் பாதை எண்பத்தெட்டு மைல். மைல் எண்கள் துறைமுகத்திலிருந்து தொடங்கும். எங்களிடம் இருப்பவை ஐந்து எஞ்சின்கள். ஐந்தும் மாண்ட்ரியலில் செய்தவை, ஐந்தும் ஆர்எஸ்-18. நாங்கள் நீளமூக்கு என்போம். ஓட்டுநர் அறை பின்னால் தள்ளி இருக்கும். அதற்கு முன்னால் டீசல் இயந்திரத்தை மூடிய இரும்புக் கூடு, ஆள் உயரத்துக்கு மேல், நீளமாகப் போகும். எங்கள் ரயில்வே அந்த மூக்கை முன்னால் விட்டுத்தான் ஓட்டும். எதிலாவது மோதினால் முதல் அடியை இரும்பு வாங்கட்டும் என்று நீராவிக் காலத்து ஆட்கள் முடிவு செய்தது. நல்ல எஞ்சின். வண்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஓட்டுநர் உட்காருவது வலதுபக்கம். பாதை வலதுபக்கமாக வளைந்தால் அவருக்கு எல்லாம் தெரியும். இடதுபக்கமாக வளைந்தால் மூக்கு மறைத்துவிடும். அந்த நேரத்தில் பாதையைப் பார்ப்பவன் இடது இருக்கையில் இருப்பவன் ஒருவன்தான். கரி அள்ளிப்போடும் வேலை ஒழிந்து பதினைந்து வருடம் ஆகியும் அந்த இருக்கையில் ஆள் இருந்தது அதற்காகத்தான்.

விதிப்புத்தகத்தின்படி, ஒவ்வொரு இடது வளைவிலும் நான் பார்த்துவிட்டு "காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படித்தான் செய்தேன். அதேலார் புஷார்தான் ஓட்டுநர், ஆறு வருடமும் அவரோடுதான் ஓடினேன். பதினோராவது வளைவில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"டேய் தம்பி, பூசைக்கு மணி அடிக்கிற மாதிரி எதுக்கு வளைவுக்கு வளைவு கத்துறே?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, பெரியவரே."

"புத்தகம் எழுதினவன் இந்தச் சத்தத்துக்குள்ள உக்காந்தா எழுதினான்? ஏதாவது நின்னா சொல்லு. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு வா. நீ பேசாம இருந்தா பாதை காலின்னு நான் எடுத்துக்கறேன்."

எங்கள் பாதையில் எல்லா ஜோடியும் அப்படித்தான் ஓடியது. பேசாமல் இருந்தால் காலி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விதியை முதலில் மாற்றியவன் நான் இல்லை.

போன செப்டம்பரில் உணவுக்கூடத்துச் சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டினார்கள். மாண்ட்ரியலிலிருந்து அடுத்த ஜூலையில் நான்கு புதிய எஞ்சின்கள், எம்-420. அறை முன்னாலேயே இருக்கும். முகம் அகலம், அந்த அகலம் முழுக்கக் கண்ணாடி. ஓட்டுநர் எந்தப் பக்கமும் பார்க்கலாம். அதேலார் தட்டில் அவரை விதையோடு வந்து படத்துக்கு முன்னால் நின்றார்.

"பார்றா, எஞ்சினுக்கு வரவேற்பறை கட்டியிருக்கானுங்க. திரைச்சீலை மட்டுந்தான் பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. புதிய எஞ்சின்கள் வந்ததும் இடது இருக்கைப் பணி ரத்து. நாங்கள் பன்னிரண்டு பேர்.

நான் கத்துகிறவன் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் நிறுத்துக் கடிகாரமும் எடுத்துக்கொண்டேன். ஆலையிலிருந்து துறைமுகம் வரும்வரை இடது வளைவுகள் முப்பத்தேழு. ஓட்டுநருக்குப் பாதை தெரியாத நேரம் மொத்தம் பதினோரு நிமிடம் நாற்பத்து மூன்று வினாடி. முதல் முறை அளந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு முறை அளந்தேன். பிறகு பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டு, போன ஒரு வருடத்தில் இடது வளைவில் எத்தனை தடவை குரல் கொடுத்தார்கள் என்று எழுதினேன். அறுபத்து நான்கு தடவை. காட்டுமான், விழுந்த மரம், பாறை. அதில் பத்தொன்பது தடவை தண்டவாளக்காரர்களின் டிராலி. நினைவில் தவறு இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததால், அவரவர் ஓட்டுநரும் சொல்லி ஒத்துப்போனதை மட்டும்தான் கணக்கில் எடுத்தேன்.

இதை மேலாளர் ஹாடோவிடம் கொண்டுபோனேன். ஆங்கிலேயர். பிரெஞ்சு பேசினால் ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுத்துத் தருவது போல இருக்கும். பொறுமையாகக் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"ப்ளூர்ட், இது நடக்காத விஷயங்களோட பட்டியல்."

"நடக்காம பார்த்துக்கிட்டோம் சார்."

"இருக்கலாம். ஆனா நடக்காததை வெச்சு நான் மேல என்ன எழுதறது? இருபது வருஷத்துல இடது வளைவுல ஒரு ஆள் செத்தான்னு எங்கிட்ட ஒரு தாள்கூட இல்லை. ஒண்ணு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. நானே மாண்ட்ரியல் தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நியாயமான மனிதர். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து, தேதி போட்டு அதை எழுதிக்கொண்டேன். ஒன்று காட்டுங்கள். நோட்டுப் புத்தகம் இதோ இருக்கிறது, பார்க்கலாம்.

எடுத்த எடுப்பில் நான் மனிதர்களைத் தொடவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் இருபத்து நான்காம் மைலில் ஒரு காட்டுமான் நின்றது. நல்ல வெயில். பார்த்தேன். பேசாமல் இருந்தேன். அதேலார் எங்கள் ஊர் வழக்கப்படி தேவாலயத்துக் கலசத்தையும் பலிபீடத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துத் திட்டி வண்டியை நிறுத்தினார். பிறகு கீழே இறங்கி அதன் அளவைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"உன் கண்ணை எங்கடா விட்டுட்டு வந்தே? எவ வீட்டு ஜன்னல்ல?"

இறைச்சியை ரயில் ஆட்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் பங்கு பன்னிரண்டு பவுண்டு. கிறிஸ்துமஸுக்குச் சுடும் தூர்த்தியேர் என்ற இறைச்சிப் பணியாரத்துக்குள் அம்மா அதைத்தான் வைத்தாள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் போட்டார்கள்: விலங்கு.

மார்ச்சில் ஒரு மரம். எஞ்சினின் முன்படி வளைந்தது, விளக்கு உடைந்தது. காரணம்: மரம். கீழே ஹாடோவின் கையெழுத்து. இடது என்ற சொல்லும் இல்லை, வளைவு என்ற சொல்லும் இல்லை. அவர் ஏற்கனவே என்னிடம் சொன்னதுதானே. அவர் கேட்டது மானும் இல்லை, மரமும் இல்லை. சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாதது என் தவறு. ஒரு குளிர்காலம் வீணாகிவிட்டது.

ரொசேர் காரோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டவாளக் கும்பலின் மேஸ்திரி. நடு நாற்பது மைல் அவர் பொறுப்பு. அவரும் ஒவிலா சிருவாவும் மஞ்சள் டிராலியில் போவார்கள். ஒவிலாவுக்கு ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார், ரொசேர் சொல்கிற எல்லாவற்றுக்கும் சிரிப்பார். ஏப்ரலில் எங்கள் இருக்கைக்காக ஒரு மனு தயார் செய்தேன். தண்டவாளக்காரர்களில் முதல் கையெழுத்து ரொசேருடையது.

"நீங்க எங்களுக்காகப் போடறீங்களா, இல்ல மனசாரத்தான் போடறீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

"உங்களுக்காகவா? போய்யா. உன் சீட்டு போச்சுன்னா முதல்ல சாகப்போறது நாங்கதான். எழுதிக்கோ. பெரிய எழுத்துல எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அதனால் அவருடைய கருத்துக்கு மாறாக அன்று எதுவும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஒவிலாவிடம் கேட்கவில்லை என்பது உண்மை. அதை என் பக்கத்துக் குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபத்தோராம் மைலைத் தேர்ந்தெடுத்தது இடத்துக்காக. அங்கே பாதை ஏரியைச் சுற்றி இடதுபக்கமாக வளைகிறது. ஏரிப் பக்கம் மரம் கிடையாது. இடது ஜன்னலிலிருந்து தண்ணீருக்கு மேலாகப் பார்த்தால் வளைவின் மறுமுனை ஐந்நூறு கஜத்துக்குத் தெரியும். எண்பத்தெட்டு மைலில் அவ்வளவு நல்ல பார்வை வேறு எங்கும் கிடையாது. மரம் மறைத்தது, யார் இருந்தாலும் பார்த்திருக்க முடியாது என்று பின்னால் ஒருவர் சொல்லிவிடக் கூடாது இல்லையா? மே மாதம் நிலத்தில் உறைந்த பனி இளகும்போது அந்த வளைவில் தண்டவாளம் மேலும் கீழும் ஏறி இறங்கும். இணைப்புகள் தளரும். ரொசேர் அங்கே வந்தே ஆக வேண்டும்.

பார்த்தேன். அன்று டிராலியை எட்ட இருபத்தெட்டு வினாடி மிச்சமா இருபத்தொன்பதா என்று எனக்குக் குழப்பம் இருந்தது. பிறகு அதே வேகத்தில் இன்னொரு ஜோடியோடு போய் அளந்தேன். இருபத்தொன்பது. மஞ்சள் டிராலி தண்டவாளத்தின் மேல் நின்றது. அதன் சின்ன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, புகை தெரிந்தது. காற்று ஏரியிலிருந்து எங்கள் பக்கமாக அடித்தது. அவர்களுக்கு எங்கள் சத்தம் கேட்க வழியில்லை. ஒவிலா எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து நீளமான ஸ்பேனரை அழுத்திக்கொண்டிருந்தார். ரொசேர் இடுப்பில் கைவைத்து நின்று ஏதோ சொன்னார். ஒவிலாவின் தோள் குலுங்கியது.

நான் சொன்னால் அதேலார் அந்த நொடியே ஹாரன் கொடுப்பார். இரண்டு பேரும் விலகுவார்கள். நேரம் இருந்தால் டிராலியையும் தூக்கி ஓரம் வைப்பார்கள். அதற்கு இருபது வினாடி போதும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது வினாடிவரை டிராலியும் பிழைக்கும். இருபதாவது வினாடிவரை ஆட்கள் பிழைப்பார்கள். பதினைந்தாவது வினாடியில் எனக்கு ஒரு தயக்கம் வந்தது, மறைக்கவில்லை. வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். அறுபத்தைந்தாவது நடக்காத விஷயம் ஆகும். ஹாடோவின் பட்டியலில் கடைசியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டேன்.

வளைவு நிமிர்ந்து அதேலாருக்கு டிராலி தெரிந்தபோது ஆறு வினாடி மிச்சம். அவர் ஹாரனையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தார். ரொசேர் திரும்பினார். ஏரிப் பக்கம் ஒரு எட்டு வைத்திருந்தால் போதும். அவர் அந்தப் பக்கம் போகவில்லை, ஒவிலாவின் பக்கம் போனார். கடைசி ஒரு வினாடி மூக்கு என் கண்ணையும் மறைத்துவிட்டது. அதனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. பார்க்காததைச் சொல்வதில்லை.

வண்டி நிற்க இன்னும் எழுநூறு கஜம் ஆனது. அதேலார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சொன்னியாடா? நீ சொன்னியா? எனக்குக் கேக்கலையா? சொல்லுடா!"

நான் பேசாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைக் கொண்டுபோய்த் தன் காதில் வைத்தார். அவருக்கு அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் எஞ்சின் சத்தத்தில் இருந்தவர். நான் குரல் கொடுத்தேன், தனக்குத்தான் கேட்கவில்லை என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார். எட்டு நாளாக ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறார். ரொசேரின் மனைவியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். வீட்டில் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி ஒவ்வொரு காதிலும் மாறி மாறி வைத்துக் கேட்கிறாராம். அவர் மனைவி என்னிடம் அழுதாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் ஹாடோ என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை இப்போதும் என்னால் ஏற்க முடியவில்லை.

"புது எஞ்சின் ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்த ரெண்டு பேரும் இன்னிக்கு இருந்திருப்பாங்க, ப்ளூர்ட். ஜூனுக்கே அனுப்பச் சொல்லிட்டேன்."

ஒன்று காட்டுங்கள் என்றவர் அவர். நான் இரண்டு காட்டியிருக்கிறேன். அவர் மாண்ட்ரியலுக்கு எழுதியிருக்கிறார், ஆனால் எதை எழுதியிருக்கிறார் பாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் அவர்தான்.

இப்போது என் நிலையை யோசியுங்கள். நான் கவனக்குறைவாக இருந்தேன் என்றால், இடதுபக்கத்து ஆளை நம்ப முடியாது என்று ஆகிறது. அதேலாருக்குக் காது கேட்கவில்லை என்றால், நாங்கள் குரல் கொடுத்தும் பயனில்லை என்று ஆகிறது. மூக்கு மறைத்தது என்றால், கண்ணாடி முகம் போதும், ஆள் வேண்டாம் என்று ஆகிறது. மூன்றில் எதை எழுதினாலும் பன்னிரண்டு பேரின் இருக்கை போய்விடும். மூன்றுமே பொய். நான் கவனமாக இருந்தேன். அந்த எண்பத்தெட்டு மைலில் என்னைவிடக் கவனமாக யாரும் உட்கார்ந்ததில்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது. இருக்கை தன் வேலையைச் செய்தது. டிராலியை ஐந்நூறு கஜத்தில், இருபத்தொன்பது வினாடி முன்னால், ஆள் அடையாளத்தோடு காட்டியது.

ஒன்றை வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. முழுமைக்காகச் சேர்க்கிறேன்.

அன்று காலை ஆலை உணவுக்கூடத்தில் ரொசேர் ஒவிலாவோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரொட்டியில் வெல்லப்பாகை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அறுபத்தொண்ணுல எனக்கு ஒரு மணி நேர வேலை. பத்தே முக்காலுக்குள்ள டிராலியை எடுத்துடுவேன். நீங்க எத்தனைக்குக் கிளம்பறீங்க?"

அவர் சட்டைப்பையில் ரயில் நேரத்தாள் இருந்தது. அதில் எங்கள் வண்டி பத்து மணி. பத்துக்குக் கிளம்பினால் அந்த வளைவுக்கு வர பத்து ஐம்பது ஆகும். ஆனால் ஆலையில் சரக்கேற்றுவது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒன்பதரைக்கே கிளம்பலாம் என்று ஐந்து நிமிடம் முன்னால்தான் அதேலார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பத்து மணி," என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டவனாச்சே நீ," என்றார். ஒவிலா சிரித்தார்.

நேரத்தாளில் பத்து என்றுதான் இருந்தது. இருந்ததைச் சொன்னேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான்காம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கேத்தான் ப்ளூர்ட் டிராலியையும் இரண்டு பேரையும் தெளிவாகப் பார்த்தான், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என்னை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம், அதில் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் முடிவுரையில் புதிய எஞ்சினைப் பற்றி எதுவும் வரக் கூடாது. நான் காட்டியது அதை இல்லை. அந்த இடது இருக்கையில் அன்று ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால், ரொசேரும் ஒவிலாவும் இன்று உயிரோடு இருப்பார்கள். எட்டு மாதமாக நான் சொல்லிவருவது இது ஒன்றைத்தான்.